புரட்டிப் போட்ட படம்

கோகிலவாணிக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. சங்ககிரிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருட வேலையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தியதை எந்த வகுப்பும் பார்த்ததில்லை. விடைத்தாளைக்கூட ஜன்னல் கட்டையில் வைத்து நின்றபடியே திருத்துவாள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போய், கொடியில் காயும் துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவாள்.

"நீ போன பொறப்புல லாரியா இருந்திருப்ப புள்ள. இஞ்சினை நிறுத்தவே மாட்டேங்கற" என்பார் அவள் கணவர் பூபதி. அவருக்கு சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. எந்த வண்டி எந்தச் சரக்கை ஏற்றிக்கொண்டு எந்த ஊர் தாண்டியிருக்கிறது என்று நாள் முழுக்க போனில் விசாரித்துக்கொண்டிருப்பவர்.

பள்ளிக்கூடத்தில் கோகிலவாணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவள் கரும்பலகையில் போடும் படங்கள்தான். பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றமோ சிறுநீரகமோ, நாலு வண்ணச் சாக்பீஸில் இழைத்து இழைத்துப் போடுவாள். போட்டு முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். பிள்ளைகள் பார்த்து வரைவதற்குள் மணி அடித்துவிடும். அடுத்த பீரியட் கணக்கு வாத்தியார் உள்ளே வந்ததும் வராததுமாக ஒரே வீச்சில் துடைத்துவிட்டு 'நிரூபி' என்று எழுத ஆரம்பிப்பார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கும் பலகை வேண்டுமே. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கோகிலவாணி கதவருகே நின்று, படம் அழிவதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். இந்த வருத்தம் ஒருநாள் இரண்டுநாள் அல்ல, இருபத்திரண்டு வருட வருத்தம்.

அதனால்தான் போன வருடம் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்து, சேலத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு யாராவது போக வேண்டும் என்று தலைமையாசிரியர் சரவணமுத்து கேட்டபோது, மற்றவர்கள் எல்லாம் தரையைப் பார்க்க, இவள் மட்டும் "நான் போறேனுங்க சார்" என்றாள்.

பயிற்சியில் முன் வரிசையில் நின்றுகொண்டே குறிப்பெடுத்தாள். பதினோரு பக்கம் வந்தது. படத்தை எப்படி வெட்டுவது, ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி வைப்பது, அம்புக்குறியை எப்படி ஓட விடுவது, திரையின் மூலையில் நம் முகம் சின்ன வட்டமாகத் தெரியும்படி எப்படிப் பதிவு செய்வது. வீட்டுக்கு வந்து செய்து பார்த்தால் பதினோரு பக்கத்தில் பாதி ஓடவில்லை. எழுத்துரு கட்டம் கட்டமாக வந்தது. ஒருநாள் மூன்று மணி நேர வேலையைச் சேமிக்காமல் மூடிவிட்டு அழுதேவிட்டாள். மறுநாள் காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

அரையாண்டு விடுமுறை ஒன்பது நாளும் ஒரே பாடத்துக்குப் போயிற்று. பத்தாம் வகுப்பில் மனித இதயம். இதயத்தைத் தானே வரைந்தாள். அசுத்த ரத்தத்துக்கு நீலம், சுத்த ரத்தத்துக்குச் சிவப்பு. இடது கீழறையான வெண்ட்ரிக்கிளின் சுவரை நன்றாகத் தடிப்பாகப் போட்டாள், உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ள வேண்டியது அதுதான் என்பதால். ஒவ்வொரு பாகத்துக்கும் பேர் எழுதி, கோடு இழுத்தாள். ஃபேனை நிறுத்தி, குக்கரை இறக்கி வைத்து, நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் ஓய்ந்த இடைவெளிகளில் குரல் பதிவு செய்தாள். "என்ற பொண்டாட்டி மூணு மணி நேரமா ஒரே சேர்ல உக்காந்திருக்கறா" என்று பூபதி தன் தங்கைக்கு போன் போட்டுச் சொன்னார்.

கடைசி நாள் ஒரு சிக்கல். மூலையில் அவள் முகம் தெரியும் வட்டம், இதயத்தின் கூர்மையான அடி நுனியை மறைத்தது. வட்டத்தை நகர்த்தினால் தலைப்பின்மேல் ஏறியது, சிறிதாக்கினால் முகம் பொட்டுப்போல ஆனது. பயிற்சிக் குறிப்பில் 'ஃபிளிப்' என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவுக்கு வந்தது. அதை அழுத்தினாள். படம் கண்ணாடியில் தெரிவதுபோல அப்படியே புரண்டது. நுனி அந்தப் பக்கம் போய்விட்டது, முகம் இந்தப் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. பேர்களுக்கு இழுத்த கோடுகள் இரண்டு மட்டும் எட்டாமல் நின்றன, அவற்றைக் கொஞ்சம் நீட்டிவிட்டாள். முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

படம்தான் புரண்டது. அதன்மேல் அவள் எழுதிய பேர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதை அவள் பார்க்கவில்லை.

ஆறு நிமிட வீடியோ. முதலில் தன் வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டாள், பிறகு மாவட்ட அறிவியல் ஆசிரியர் குழுவில். அன்று மாலைக்குள் கைகூப்பும் படங்களும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியிருக்கும் குமரன் என்ற இளம் ஆசிரியர், பத்தாம் வகுப்புப் பாடங்களுக்கென்றே யூடியூப் சேனல் நடத்துபவர், கூப்பிட்டுப் பேசினார். "மேடம், இந்த மாதிரி நம்ம தமிழ்ல ஒண்ணு இல்லீங்க. என்ற சேனல்ல போட்டுக்கட்டுங்களா?" போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். பொங்கலுக்குள் பதினான்காயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். வழியில் பார்க்கும் பெற்றோர்கள் "டீச்சர், உங்களை போன்ல பாத்தமுங்க" என்றார்கள். குடியரசு தின விழாவில் அவளைக் கௌரவிக்க வேண்டும் என்று சரவணமுத்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வாரம் கோகிலவாணி தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

பொங்கல் முடிந்து முதல் திருப்புதல் தேர்வு வந்தது. இதயத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லி ஒரு கேள்வி.

வழக்கம்போல ஆசிரியர் அறை ஜன்னல் கட்டையில் தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது தாளில் ஒரு பையன் சிவப்பு நிறத்தை வலது வெண்ட்ரிக்கிளில் பூசியிருந்தான். சுழித்து வட்டம் போட்டாள். நாலாவது தாளில் அதே தப்பு. ஏழாவதிலும். பதினொன்றாவதில் தடித்த சுவரே வலது பக்கத்தில், அதிலிருந்து கிளம்பும் குழாய்க்கு நுரையீரல் தமனி என்று பேர். கோபம் தலைக்கேறியது. எந்த டியூஷனில் போய் இதைக் கற்றுக்கொண்டு வந்தார்கள்? பதினொன்றாவது தாள் இலக்கியாவுடையது, வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கும் பெண். அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"என்ன சாமி இது? சுத்த ரத்தம் வலது பக்கம் எப்படி வரும்? நான் எத்தனை தடவை சொல்லியிருக்கறேன்?"

இலக்கியா தாளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "நீங்க சொன்னது ஞாபகம் இருக்குதுங்க டீச்சர். ஆனா வீடியோவுல இப்படித்தானுங்க இருக்குது. அதைப் பாத்துத்தான் வரைஞ்சேன்."

"எந்த வீடியோ?"

"உங்க வீடியோதானுங்க."

கோகிலவாணி போனை எடுத்தாள். வீடியோவைத் தன் குரலோடு எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்து ரசித்திருந்தாள். இப்போது சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள். மூலையில் தன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு எதிர்ப் பக்கத்தில் தடித்த சிவப்புச் சுவரின்மேல் 'வலது வெண்ட்ரிக்கிள்' என்று அவளே எழுதிய அழகான எழுத்து. நீலக் குழாயை நோக்கி நீண்ட கோட்டின் முனையில் 'பெருந்தமனி'. குரல் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னது. ஆனால் பிள்ளைகள் வரையும்போது குரலைக் கேட்டு வரைவதில்லை, படத்தைப் பார்த்துத்தான் வரைகிறார்கள்.

"நீ போ சாமி" என்றாள். "தப்பு உன்ற மேல இல்ல." இலக்கியா போன பிறகு, அவள் அந்த அறையில் இருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார் பயந்துபோய் "உடம்புக்கு ஏதாவதுங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே படத்தைச் சரி செய்து புது வீடியோ போட்டாள். பழையதைக் குழுவிலிருந்து அழிக்கப் பார்த்தாள், நாள் கடந்துவிட்டதால் அழிக்கும் வசதி வரவில்லை. 'பழைய வீடியோவில் பாகங்களின் பெயர்கள் இடம் மாறியுள்ளன, தயவுசெய்து புதியதைப் பயன்படுத்துங்கள்' என்று எழுதினாள். நாலு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒருவர் மறுபடியும் பூங்கொத்து போட்டார். யாரோ வருமானவரிப் படிவம் பற்றிக் கேட்க, பேச்சு அங்கே போய்விட்டது. மறுநாள் காலையில் புது வீடியோவை முப்பது பேர் திறந்திருந்தார்கள். பழையது பக்கத்து மாவட்டக் குழுவில் 'அருமை, அனைவரும் பகிரவும்' என்ற வரியோடு சுற்றிக்கொண்டிருந்தது.

குமரனைக் கூப்பிட்டாள்.

"அடடா" என்றார் குமரன். "ஆனா மேடம், அதை எடுத்துட்டா அந்தப் பதினாலாயிரம் வியூஸும் போயிருமுங்க. சேனலுக்கு அதுதான் இப்போ ஓடுது. கீழ கமென்ட்ல தப்புன்னு ஒரு வரி போட்டுடறேன்."

"கமென்ட்டை யாருங்க தம்பி படிக்கறாங்க? மார்ச்சுல புள்ளைங்களுக்குப் பரீட்சை."

"பாக்கறேனுங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

தலைமையாசிரியரிடம் போனாள். விழாவில் தனக்கு எதுவும் செய்ய வேண்டாம் என்றாள். சரவணமுத்து நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். "சரி பண்ணி அனுப்பிட்டீங்கல்ல? அதுக்கு மேல நாம என்னங்க டீச்சர் பண்றது? விடுங்க." கௌரவிப்பை மட்டும் நிறுத்திக்கொண்டார். விடுவதுதான் கோகிலவாணிக்கு வராதே. கறி நறுக்கும்போது நினைவு வந்து கத்தியை வைத்துவிட்டு போனை எடுப்பாள். எத்தனை பேர் புதியதைத் திறந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள், முப்பத்திரண்டு. வகுப்பில் வேறு பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது பலகையின் இடது ஓரம் எது வலது ஓரம் எது என்று ஒரு நொடி குழம்பி நின்றாள். பேருந்தில் யாராவது பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், எழுந்து போய் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கலாமா என்று கால் பரபரத்தது.

பூபதி ஒரு வாரம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாசலுக்கும் சமையலறைக்கும் பன்னிரண்டாவது தடவை நடந்தபோது கேட்டார். "என்னதான் புள்ள நடந்துச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

சொன்னாள்.

பூபதி கையில் இருந்த போனைக் கீழே வைத்தார். "எங்க ஆபீசுல போன மாசம் ஒரு லோடு மாறிப் போச்சு. ஈரோட்டுக்குப் போக வேண்டிய மூட்டை ஓசூருக்குப் போயிருச்சு. குரூப்புல மெசேஜ் போட்டா மூட்டை திரும்பி வருமா? நான் என்ன பண்ணுனேன்? ஒவ்வொரு டிரைவருக்கா போன் போட்டேன். எங்க இறக்குனீங்க, யாரு வாங்குனாங்க, அவங்க நெம்பர் குடுங்க. மூணாவது ஆள்கிட்ட மூட்டை இருந்துது. நீயும் அப்படித்தான் பண்ணோணும். யாரு யாருகிட்டப் போச்சுன்னு பிடிச்சு விசாரி."

அவள் ஒரு பழைய நோட்டைத் தேடி எடுத்து, பேர்களை எழுத ஆரம்பித்தாள். வீடியோவுக்குப் பூங்கொத்து போட்டவர்கள், பகிர்ந்தவர்கள், நன்றி சொன்னவர்கள். அறுபத்திமூன்று பேர். மதிய இடைவேளையில் நாலு, பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டு, வீட்டில் மொட்டைமாடியில் நடந்தபடி ஆறேழு என்று போன் போட்டாள். "நான் கோகிலவாணி பேசறேனுங்க, இதய வீடியோ போட்ட டீச்சர்." சிலர் பாராட்ட ஆரம்பித்தார்கள், அவர்களை நிறுத்தி விஷயத்தைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. சிலர் வீடியோவைத் திறந்தே பார்க்கவில்லை என்று தெரிந்தது. அது ஒருவகையில் நிம்மதி, ஒருவகையில் வருத்தம். இரண்டு பேர் ஏற்கெனவே தப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். "சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டமுங்க" என்றார்கள். அன்று முழுக்க அவளுக்கு அந்த இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக இருந்தது.

நாற்பத்தொன்றாவது போன், ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் ஸ்ரீதேவிக்கு. குமாரபாளையத்துப் பெண், நாலு வருட அனுபவம். கோகிலவாணி பேச வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஐயோ மேடம், நீங்களே கூப்பிட்டுட்டீங்களா! உங்க படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பெருசா ஃபிளெக்ஸ் அடிச்சு கிளாஸ்ல மாட்டியிருக்கறேனுங்க. எங்க புள்ளைங்க கண்ணை மூடிட்டு வரையறாங்க இப்போ!"

"சனிக்கிழமை சிறப்பு வகுப்பு இருக்குதுங்களா?" என்று மட்டும் கோகிலவாணி கேட்டாள். "இருக்குதுங்க." "அப்போ நான் நேர்லயே வாரேன்."

சனிக்கிழமை சங்ககிரியில் ஏறி, திருச்செங்கோட்டில் மாறி, சோழசிராமணி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். உட்கார இடம் இருந்தது. என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேறு மாதிரி சொன்னாள். வாய்க்கால் ஓரம் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வந்தது வழி. அவள் எதையும் பார்க்கவில்லை.

ஸ்ரீதேவி கேட்டிலேயே காத்திருந்தாள். டீ, பிஸ்கட். வகுப்புக்குள் நுழையும்போதே சுவரில் தெரிந்தது. நாலடி அகலம், மூன்றடி உயரம். அவள் வரைந்த இதயம், அவள் எழுதிய பேர்கள், மூலையில் வட்டத்துக்குள் அவள் சிரித்த முகம்கூட வெட்டப்படாமல். கீழே நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்று கூவினார்கள்.

அவள் ஸ்ரீதேவியைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள். விஷயத்தைச் சொன்னாள். ஸ்ரீதேவியின் முகம் சிவந்தது.

"ஒரு மாசமா தெனம் பாத்துட்டிருக்கறேன் மேடம். எனக்கே தெரியலியே." பிறகு குரல் கொஞ்சம் இறுகியது. "நான் பாட்டனி படிச்சவளுங்க. உங்க பேரு இருந்துச்சு, நம்பிட்டேன்."

"உங்க மேல தப்பே இல்லம்மா."

"சரிங்க. இன்னைக்கு கிளாஸ் முடிஞ்சதும் சத்தமில்லாம கழட்டிடறேன். திங்கக்கெழம நானே கரும்பலகையில வேற படம் போட்டுக் காட்டிடறேன். இப்போ உள்ள போய் எதுவும் சொல்ல வேண்டாமுங்க. புள்ளைங்க முன்னாடி எனக்கும் ஒரு மாதிரி ஆயிரும்."

கோகிலவாணி ஒரு நிமிடம் தடுமாறினாள். இப்படியே திரும்பிவிடலாம், யாருக்கும் சங்கடமில்லை. பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் மனம் ஆசைப்பட்டதும் இதைத்தான்.

"ஒரு மாசமா இதை மனப்பாடம் பண்ணியிருக்காங்க" என்றாள். "திங்கக்கெழம நீங்க வேற ஒண்ணைப் போட்டா, ரெண்டும் தலையில கெடக்கும். பரீட்சை அன்னைக்கு எது வருமோ? அந்த ஃபிளெக்ஸ்ல என்ற மூஞ்சிதான இருக்குது. என்ற தப்புன்னே சொல்றேன். உங்க பேரை நான் எடுக்கவே மாட்டேன்."

ஸ்ரீதேவி துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள். பிறகு வகுப்புக் கதவை விட்டு ஒதுங்கி நின்றாள்.

கோகிலவாணி உள்ளே போய் ஃபிளெக்ஸை ஆணியிலிருந்து கழற்றினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணை எழுந்து வரச் சொல்லி, படத்தை அவள் நெஞ்சில் வைத்துப் பிடித்தாள், படம் பிள்ளைகளைப் பார்க்கும்படி.

"இதயம் நடு நெஞ்சுல இருக்குது. அதோட கூர்மையான நுனி எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்?"

"இடது பக்கமுங்க டீச்சர்" என்று நாற்பது குரல்.

"இப்போ இந்தப் புள்ள நெஞ்சுல இருக்கற படத்துல நுனி எந்தப் பக்கம் போகுது? அவளோட கையைப் பாத்துச் சொல்லுங்க."

நெஞ்சில் படத்தோடு நின்ற பெண்ணே தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "என்ற வலது கைப்பக்கம் போகுதுங்க."

"அப்போ?"

"படம் தப்புங்களா டீச்சர்?"

"தப்பு" என்றாள் கோகிலவாணி. அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். "இதை வரைஞ்சது நான்தான். என்ற மூஞ்சி தெரியோணும்னு படத்தைப் புரட்டிப் போட்டேன். பேரெல்லாம் இருந்த இடத்துலயே நின்னுருச்சு, நான் கவனிக்கல. யாருக்கும் காட்டிச் சரிபாக்காம அனுப்பிட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்னால் இருந்து ஒருத்தி எழுந்தாள். அவளுக்கு மற்ற எதுவும் பெரிதாகப் படவில்லை. "அப்போ பரீட்சையில எதை வரையறதுங்க?"

"புஸ்தகத்தைத் திறங்க" என்றாள் கோகிலவாணி. "எல்லாரும் புஸ்தகத்தை நெஞ்சுல வெச்சுப் பிடிங்க, படம் வெளிய தெரியட்டும். நுனி உங்க இடது கைப்பக்கம் போகுதா? அந்தப் பக்கம் இருக்கறதுதான் இடது. பேப்பர்ல பாக்கறப்போ அது உங்க வலது கைக்கு நேரா இருக்கும். ஏன்னா படத்துல இருக்கற ஆள் உங்களைப் பாத்து நிக்கறான்." நாற்பது பிள்ளைகளும் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். சத்தம் தாங்கவில்லை. ஸ்ரீதேவியும் ஒரு புத்தகத்தை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு, யாரும் கேட்காமலே, "எனக்கும் தெரியாமப் போச்சு புள்ளைங்களா, நானும் பாக்காம மாட்டிட்டேன்" என்று சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸிலும் கோகிலவாணி உட்காரவில்லை. இந்தமுறை வேறு காரணம். சரி செய்த வீடியோவை யாரும் பார்க்காததற்குக் காரணம் அவளுக்குத் திடீரென்று புரிந்தது. சரியான படத்தை யார் பார்ப்பார்கள்? தப்பைக் கண்டுபிடி என்றால் நாற்பது தலையும் நிமிர்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல் கம்ப்யூட்டரைத் திறந்தாள். 'இந்தப் படத்தில் டீச்சர் செய்த தப்பு என்ன?' என்று தலைப்பு. பழைய படத்தைக் காட்டி, புத்தகத்தை நெஞ்சில் வைக்கச் சொல்லி, கடைசியில் படத்தைத் திரும்பப் புரட்டி, பேர்கள் ஒவ்வொன்றும் சரியான இடத்தில் பொருந்துவதைக் காட்டினாள். மூலையில் முக வட்டம் வைக்கவில்லை. இந்தமுறை மூன்று பேருக்குக் காட்டினாள், கணக்கு வாத்தியார், இலக்கியா, ஸ்ரீதேவி. இலக்கியா ஓர் எழுத்துப்பிழை பிடித்துக் கொடுத்தாள்.

குமரனுக்கு அனுப்பவில்லை. பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போய், பென்டிரைவைக் கையில் கொடுத்தாள். அவர் நின்றபடியே பார்த்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை பார்த்தார். "இதுல நீங்க உங்களையே குறை சொல்லிக்கறீங்களே மேடம்" என்றார்.

"அதனாலதான் பாப்பாங்க தம்பி."

மறுநாள் பழையது சேனலிலிருந்து போய்விட்டது. அந்தப் பதினான்காயிரமும் அதோடு போயிற்று. புதியதை ஒரு வாரத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். கீழே பிள்ளைகள் 'கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர்' என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். ஆனால் பழையதை எங்கெங்கோ யார் யாரோ சேமித்து வைத்திருந்தார்கள். பிப்ரவரி கடைசியில்கூட முன்பின் தெரியாத ஒரு சேனலில் அவள் குரல் இல்லாமல் படம் மட்டும், பாட்டுச் சத்தத்தோடு ஓடியதைப் பார்த்தாள். எழுதிக் கேட்டாள், பதில் வரவில்லை. நோட்டில் அறுபத்திமூன்று பேருக்கும் பேசி முடித்திருந்தாள். அறுபத்திநாலாவது ஆள் யார் என்று யாருக்குத் தெரியும்?

பொதுத்தேர்வில் அறிவியல் தாள் அன்று அவளுக்கு வேறொரு ஊர்ப் பள்ளியில் அறைக் கண்காணிப்பு வேலை. உறையைப் பிரித்துக் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, மீதமிருந்த ஒன்றைப் புரட்டினாள். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். ஏழு மதிப்பெண் பகுதி. தாவரங்களில் நீர் கடத்தப்படுவதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். இதயத்தின் படம் எங்குமே இல்லை. ரத்த வகை பற்றி ஒரு மதிப்பெண்ணில் ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

இரண்டு மாத ஓட்டம், அறுபத்திமூன்று போன், ஜேடர்பாளையம், கொண்டப்பநாயக்கன்பட்டி. நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டிய இடம். விட்டாள். அடுத்த நிமிடமே, ஏன் கேட்கவில்லை என்று ஒரு கோபம் வந்தது. கேட்டிருந்தால் அந்த நாற்பது பேரும் சரியாக வரைந்திருப்பார்களே! இரண்டு வரிசைகளுக்கிடையே மேலும் கீழும் நடந்தாள். கடைசி பெஞ்சுப் பெண் நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், கொஞ்சம் நில்லுங்க, எழுத வரமாட்டேங்குது" என்றாள். கோகிலவாணி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

வெளியே வந்து போனைப் போட்டதும் பூபதி கேட்டார். "கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்போ முடிஞ்சுதுல்ல. ஊட்டுக்கு வந்து கொஞ்சம் உக்காரு."

"உக்காரலாமுங்க" என்றாள். "அடுத்த வருசத்துக்குச் சிறுநீரகம் பண்ணலாம்னு குமரன் கேட்டிருக்கறாரு. அதுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்னு நெனைப்பாங்க, ஆனா வலது சிறுநீரகம் கொஞ்சம் கீழ இருக்கோணும். அதை ஒரு தடவை பாத்துக்கறேன், அப்புறம் உக்காரறேன்."

பூபதி சிரித்தது போனில் கேட்டது. திருச்செங்கோடு பஸ் வந்து நின்றது. அவள் ஏறிக்கொண்டாள்.